இரண்டு கிலோ நானூறு

காகித விலை அன்று கிலோ பதினான்கு.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்ததால்தான்
பொன்னுலிங்கம் கடைத் தராசை வேடிக்கை பார்த்தேன்.
பழைய கைடுகள், கல்யாணப் பத்திரிகைகள்,
அவற்றின் மேல் ஒரு நாடு.
படங்களுடன், ஒரே தொகுதியில்,
கெட்டி அட்டை, கிழியாத முதுகு.
"இரண்டு கிலோ நானூறு" என்றார்.
சில்லறை இல்லாமல் முப்பத்தைந்து கொடுத்தேன்.
கேட் திறந்தது.

மணலி ரோட்டில் எனக்கு எடைமேடை வேலை.
கன்டெய்னர் லாரி ஏறும். எண்ணைப் பார்ப்பேன். சீட்டு கிழிப்பேன்.
இரவு ஷிஃப்டில் மேசை மேல் புத்தகம்.
தேசிங்கு எட்டிப் பார்த்தான்:
"இன்னாக்கா, அம்மாம் வருசத்தையும் ஒரே புக்குல அமுக்கிட்டானுங்களா?
பாதிக்கு மேல வுட்டுருப்பானுங்க."

விட்டிருக்கிறார்கள்தான்.
பெரம்பூர் மில் வேலைநிறுத்தம் அரை வரி,
அதுவும் அடைப்புக்குறிக்குள்.
குப்பங்களுக்கு அந்த அரை வரியும் இல்லை.
ஆனாலும் சொல்கிறேன் தேசிங்கு,
பன்னிரண்டு தொகுதியாக இருந்தால்
தர்பார் ஓர் அலமாரியில், பஞ்சம் வேறு அலமாரியில்,
நடுவில் ஓர் ஏணி.
இதில் பார்,
இருநூற்றுப் பதினாறில் யானை மேல் பட்டுக்குடை.
இருநூற்றுப் பதினேழில்
எலும்பை எண்ணிவிடலாம் போல ஒரு குடும்பம்.
மூடினால்
குடையின் குஞ்சம் அந்தக் குழந்தையின் விலாவில் படுகிறது.
நினைத்துச் செய்தார்களோ, இடம் போதவில்லையோ,
சேர்த்துத் தைத்துவிட்டால் அப்புறம்
ஒருவர் முகத்தில் ஒருவர் மூச்சு விட்டுத்தான் ஆகவேண்டும்,
நம்ம லைன் வீடு மாதிரி.

வரிசை நகராத ஒரு ராத்திரி
ஜார்க்கண்ட் டிரைவர் ஒருவர் டீயோடு உள்ளே வந்தார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு இந்தியில் எண்கள் மட்டும்.
புரட்டிக்கொண்டே போனவர்
அணைக்கட்டுப் படத்தில் நின்றார்.
தொப்பிக்காரர்கள், ரிப்பன், கத்தரிக்கோல்,
பின்னால் தண்ணீர்.
கீழே மெகாவாட் கணக்கு.
அவர் தண்ணீரில் விரல் வைத்தார்,
இடது ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி.
"கர்" என்றார்.
வீடு. அந்தச் சொல் எனக்கும் தெரியும்.
எழுதியவர் வீட்டை விட்டுவிட்டார்.
படம் எடுத்தவரால் தண்ணீரை விட முடியவில்லை.

டிசம்பரில் எண்ணெயும் வெள்ளமும் ஒன்றாய் வந்தபோது
ஒரு கையில் பையன், ஒரு கையில் இது.
பன்னிரண்டு தொகுதி என்றால்
எந்த நூற்றாண்டை முழுக விடுவதென்று
மாடிப்படியில் நின்று யோசித்திருப்பேன்.
அப்படியும் நனைந்தது.
வழவழப்புத் தாள், ஒட்டிக்கொண்டது.
பிரித்ததில் பதினோரு பக்கம் போச்சு.
ஒரு வைஸ்ராயின் நெற்றியில் இப்போது
இடவலம் மாறி ஏதோ ஒரு சந்தை.

கடைசியில் வரைபடம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்று.
வடக்கே மலை, தெற்கே முனை எல்லாம் சரி.
நடு மடிப்பு விழுந்திருப்பது எங்கள் மேல்.
எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு
தையலுக்குள் போய்விட்டன.
"பாத்தியா" என்றான் தேசிங்கு.
இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிரித்தேன்.
முதுகு முறிகிற சத்தம்.
உள்ளே கோந்துக் கறை, செத்த பூச்சி ஒன்று,
கரையோரமாய் ஏறி இறங்கும் வெள்ளை நூல்.
பெயர் ஒன்றும் இல்லை.
ஆனால் நூல் எங்கள் வழியாகத்தான் போகிறது.

அவன் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்
லாரி மேடையின் நடுவில் வைத்தான்.
எங்கள் மேடை இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் மதிக்காது.
பூஜ்யம் என்றது திரை.
அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
அதற்குள் அடுத்த லாரி ஹாரன்.
"எடுடா, ஏத்திடப் போறான்!" என்று
செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.