ஜூலை பதினேழு, அறுபது விநாடி

கான்சஸ் சிட்டியில் விடியுமுன் ஐந்து நாற்பதுக்கு
நான் வரலாற்றை எடை போடுகிறேன்.
வானொலியில் 'இதே நாளில்' பகுதிக்கு அறுபது விநாடி,
அதில் பன்னிரண்டு மெத்தைக் கடைக்கு.

கடைக்காரர் ஹாஸ்கல் கேட்டது ஒன்றுதான்:
சாவு வேண்டாம்.
காலையில் சாவைக் கேட்டவன்
மாலையில் மெத்தை வாங்க வரமாட்டானாம்.

சரி, முப்பத்தெட்டு.
கலிபோர்னியா போகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு
புரூக்ளின் மூடுபனிக்குள் கிளம்பிய விமானி
அயர்லாந்தில் போய் இறங்கினான்.
திசைகாட்டியைத் தப்பாகப் படித்தேன் என்றான்.
அன்று ஞாயிறு. மேற்கே சூலம்.
நம் தினசரிக் காலண்டர் கையில் இருந்திருந்தால்
அதைவிட நல்ல பொய் கிடைத்திருக்கும்.
(இதை இந்த ஊரில் படிக்க முடியாது.
தனியாகச் சிரித்துக்கொண்டேன்.)

ஐம்பத்தைந்து. அதுவும் ஞாயிறு.
டிஸ்னிலாண்ட் திறந்த அன்று
வெயிலில் புதுத் தார் இளகி
பெண்களின் குதிகால் செருப்பைக்
கழற்றிவிட மறுத்தது.
ஹாஸ்கலுக்கு இது பிடிக்கும்.

நாற்பத்து நான்கு.
கலிபோர்னியாவில் ஒரு துறைமுகம். கப்பலில் குண்டு ஏற்றுகிற இரவு.
முந்நூற்றிருபது பேர்
ஒரே வெளிச்சத்தில் போனார்கள்,
பெரும்பாலோர் கறுப்பர்கள்.
பிறகு, இனி ஏற்றமாட்டோம் என்று நின்ற ஐம்பது பேருக்குக்
கலகக்காரர் பட்டம் கட்டியது கடற்படை.
அடித்தேன்.
மை தாளின் மறுபக்கம் வரை இறங்கிவிட்டது.

எண்பத்தொன்றை எழுதவே இல்லை.

அந்த ஓட்டல் இங்கிருந்து காரில் ஒன்பது நிமிடம்.
அன்று வெள்ளி. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு;
அது ஒரு குறையுமில்லாமல் கழிந்துபோனது.
மாலை ஏழு ஐந்துக்கு
எந்தக் காலண்டரிலும் கட்டம் கிடையாது.
கீழே நடனம், வாத்தியக்காரர்கள்,
மேலே தொங்குபாலங்களில் வேடிக்கை பார்த்தவர்கள்.
நாலாம் மாடிப் பாலம் இரண்டாம் மாடிப் பாலத்தின் மேல்,
இரண்டும் நடனத்தின் மேல்.

ஒலிப்பதிவாளன் லானி க்ரெப்ஸ்
ஹெட்போன் வயரில் தன் சாவிக்கொத்தைக் கட்டினான்,
அதன் அடியில் என் சாவிக்கொத்தை.
"முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி.
மாட்டச் சுலபமென்று இரண்டாக்கினார்கள்.
இப்போது இந்த முடிச்சைப் பார்" என்றான்.
பார்த்தேன். அது மட்டும் இறுகிக்கொண்டிருந்தது.

அவன் அப்பா அன்றிரவு கிரேன் ஓட்டியவர்.
அவரைப் பற்றி அவன் வேறொன்றும் சொல்லவில்லை.
"நூற்றுப் பதினான்கு பெயரையும்
வீட்டில் கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்திருக்கிறேன்.
அவசரப்படாமல் படித்தால்
நாலு நிமிஷம் பத்து விநாடி."

சிவப்பு விளக்கு.
விமானியைப் படித்தேன், செருப்பைப் படித்தேன்,
முதுகுக்கு இதமான மெத்தையைப் படித்தேன்.
ஐம்பத்து மூன்றில் முடிந்துவிட்டது.
ஏழு விநாடி மிச்சம்.
லானியின் கணக்குப்படி மூன்று பேர் அடங்குவார்கள்.
எனக்கு வாய் வரவில்லை.
அவனும் இசையைப் போடவில்லை.

ஆறு இருபதுக்கு ஹாஸ்கலின் போன்.
"என் விளம்பரத்துக்குப் பிறகு
சத்தமே இல்லையே, ஏதாவது கோளாறா?"

ஆமாம் என்றேன்.
ஒரு கம்பியில்.