தண்ணி துப்பலை

முதலில் நான் கட்டிக் கொடுத்த முகப்பில்
ஒரு கடல் ஓடியது.
பாலத்துக்குப் பின்னால் பொன் வெயில்,
மெதுவாகத் திரும்பும் அலை,
நுரைக்குள்ளிருந்து எழுந்து வரும் எழுத்து:
ரொசாரியோ மரைன் ஸ்பேர்ஸ், பாம்பன்.
மூன்று ராத்திரி வேலை.

ரொசாரியோ அண்ணன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.
"கடலுக்குப் போறவனுக்கு
எதுக்கும்மா கடலு?"

எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் தெற்குவாடியில்
இன்னாசிமுத்துவின் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து
"இதுல ஒரு சாமான் வாங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.
செல் பாலிதீன் பைக்குள், ரப்பர் பேண்டு இரண்டு சுற்று.
கட்டைவிரலில் செதிள்.
என்னுடைய நாசூக்கான சாம்பல் எழுத்து
அந்த வெயிலில் இருந்த இடம் தெரியவில்லை.
பை மேல் குத்தினார், வழுக்கியது.
மறுபடி குத்தினார், பக்கத்துப் பொத்தான் திறந்தது.
ஒரு கோடு சிக்னல் வந்து
இலங்கைக்கு நல்வரவு சொல்லிவிட்டுப் போனது.
தேடும் கட்டத்தில் அவர் அடித்தது
பூ.

இம்பெல்லரைச் சொல்கிறார்.
ஆறு ரப்பர் இதழ், நடுவில் ஓட்டை,
எஞ்சின் சூடேறாமல் தண்ணீர் இழுத்துத் தருவது.
என் பட்டியலில் அதற்குப் பெயரே இல்லை,
பதினான்கு இலக்க எண்.

அன்றிரவு எல்லாவற்றையும் கவிழ்த்தேன்.
கறுப்பின் மேல் மஞ்சள்.
பொத்தான் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்.
சாமான் பெயர் உள்ளே போகட்டும்,
வாசலில் வியாதி நிற்கட்டும்:
புகையுது
எவ்வளவு இழுத்தாலும் எந்திரிக்கல
ஓடுது, ஆனா போகல
தண்ணி துப்பலை

அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்,
தலைப்பில் மாதா படம்.
கனமான படம், திறக்க நேரமாகும் என்றேன்.
கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்தார்.
"சரி, மாதா கடைசியா வரட்டும்.
அவசரக்காரன் முதல்ல போகட்டும்."

திறந்த மூன்றாம் நாள், ராத்திரி இரண்டே முக்கால்.
ஒரே எண்ணிலிருந்து பதினொரு ஆர்டர்.
தண்ணி துப்பலை, தண்ணி துப்பலை, தண்ணி துப்பலை.

விடிந்ததும் பதினொரு பூவைப் பொட்டலம் கட்டி
யாரோ பெரிய முதலாளி என்று
அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார்.

வந்தது செபஸ்தியான்.
ஒரே வள்ளம், ஒரே எஞ்சின், நெற்றியெல்லாம் உப்பு.
குந்துகாலுக்குத் தெற்கே எஞ்சினை நிறுத்தி
நங்கூரம் போட்டு இருட்டில் கிடந்திருக்கிறான்.
"அமுக்கினேன், ஒண்ணும் சொல்லல.
கேக்கலையோன்னு திரும்பவும் அமுக்கினேன்."

விரலை யோசித்திருந்தேன், வெயிலை, பையை, பூவை.
கூப்பிட்டவனுக்கு ஒரு "ஓய்" கொடுக்க
மறந்து போயிருந்தேன்.

இப்போது அமுக்கினால் திரை முழுக்கப் பச்சை.
"வந்துருச்சு. எடுத்து வச்சாச்சு. காலைல வாங்க."

மீதிப் பத்துப் பூவும்
கல்லாவுக்குப் பின்னால் கம்பியில் தொங்குகின்றன.
அவற்றை என் பாக்கியில் கழிப்பதா வேண்டாமா என்று
அண்ணன் இன்னும் முடிவு செய்யவில்லை.