தொட்ட இடம்

புதுவயலில் ஆலைச் சங்கு ஊதி அரைமணி கழித்து
களத்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போர்த்திய பின்னும்
சிமெண்ட் சுடும்.
வெறுங்காலோடு அதில் ஏறி நிற்கும் முதல் நிமிடம்
எனக்குப் பிடிக்கும் என்றால்
சகாயராணி சிரிக்கிறாள்:
"கொதிக்குது, இதுல என்னடி பிடிக்குது?"

பகலெல்லாம் எடைமேடைக் கண்ணாடிக் கூண்டில் இருப்பவள் நான்.
லாரி ஏறும். எண் ஓடும். நிற்கும்.
சுமையோடு இத்தனை, சுமை இறக்கி இத்தனை,
கழித்தால் நெல்.
டிரைவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
சிவப்பு எண்ணைத்தான் பார்ப்பார்கள்.
மாலையில் கம்பை எடுத்தால்
அதற்கு எடை இருப்பதே தெரியாது,
சுழலும் வரை.
சுழன்றால் இருக்கிறது,
நுனியில், எனக்கு வெளியே எங்கோ,
ரசீதில் ஏறாத ஒரு கனம்.

நாங்கள் ஐந்து பேர்.
ஆசான் தேவகோட்டையிலிருந்து ஞாயிறு மட்டும் வருவார்.
மற்ற நாளில் யாருக்குத் தொண்டை கட்டவில்லையோ
அவர் எண்ணிக்கை சொல்வார்.
மெக்கானிக் அயூப்கான் ஏழுக்கு அடுத்து ஒன்பது என்பார்.
எட்டாம் காலடியில் முழங்கால் மடங்க வேண்டும்,
அவருக்கு மடங்காது.
எட்டை நாங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்வோம்.

ஆட்டத்துக்கு முன் ஒரு சின்ன வேலை:
பாய்லர் அடியில் ஒரு பிடி உமிக்கரி அள்ளி
தண்ணீர் விட்டுக் குழைத்து
கம்பு நுனித் துணியில் தோய்ப்போம்.
பட்டால் தெரிய வேண்டும்.
படவே இல்லை என்று யாரும் சாதிக்கக் கூடாது.
முடிந்ததும் குழாயடியில் ஒருவரை ஒருவர் எண்ணுவோம்.
"தோள்ல ரெண்டு. விலாவுல ஒண்ணு.
அட, முதுகுல எப்பப் போட்டே?"
இவ்வளவு கவனமாக என்னை யாரும் படித்ததில்லை,
காரைக்குடி ஸ்கேன் சென்டருக்குப் போகும் வரை.

தை மாதம் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.
குடம்கூடத் தூக்காதே என்றார்கள்.
சித்திரை பாதியில் களத்துக்கு வந்தேன்.

எல்லாரும் மெதுவாக வீசினார்கள்.
அயூப்கானின் கம்பு என் தோள் வரை வந்து
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பியது.
கல்லூரிப் பையன் மெய்யப்பன்
நான் இல்லாத இடமாகப் பார்த்து வீசினான்.
வார்டில்கூட இத்தனை நோயாளியாய் நான் இருந்ததில்லை.
சட்டை வெள்ளையாகவே வீடு வந்தது.
துவைத்தேன், என்னத்தைத் துவைக்கிறோம் என்று தெரியாமல்.

மறுநாள் சகாயராணி எதிரே வந்து நின்றாள்.
மூன்று மாதம் எனக்கு வெந்நீர் ஊற்றியவள்,
தையல் எத்தனை என்று தெரிந்தவள்.
சலாம் வைத்தோம்.
அவள் கண் என் வயிற்றுக்குப் போகவில்லை.
நெஞ்சுக்குழியில் நின்றது, எப்போதும் போல.
மேலே காட்டிக் கீழே வந்தாள், தடுத்தேன்.
சுற்றி வந்தாள், தடுத்தேன்.
கம்பும் கம்பும் மோதிய சத்தம்
ஆலைச் சுவர் வரை போய்
ஒரு நொடி பிந்தி வந்தது.
அதைக் கேட்டு நின்றுவிட்டேன் போல.

டப்.
காறை எலும்பில்.

வலித்தது. நன்றாகவே வலித்தது.
கண்ணில் தண்ணீர்.
அவள் கம்பைத் தாழ்த்தவில்லை.
"இடது கை எறங்கிப்போச்சு பாரு."
பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.
ஏற்றினேன்.
"ம். வா."

அன்று குழாயடியில் எண்ணியது ஆறு.
நான் அவளுக்கு வைத்தது ஒன்று,
அதுவும் முழங்கையில், பாதி அழிந்து.

கண்டனூர் வீட்டில் தேய்த்துக் குளித்தும்
காறைக் கரி முழுசாகப் போகவில்லை.
கீழே நீலம் வேறு ஏறியிருந்தது,
எது எது என்று பிரிக்க முடியவில்லை.

காலையில் முதல் லோடு.
டிரைவர் எண்ணைப் பார்த்தவர் நிமிர்ந்து
என்னைப் பார்த்தார்.
"அக்கா, கழுத்துல ஏதோ கரி."

"இருக்கட்டும்ணே," என்றேன்.
"வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்க,
பின்சக்கரம் மேடைக்கு வெளியே நிக்குது."