இரண்டாம் மண்டலம்

நரம்பு அறுந்துபோச்சு என்றேன்.
'நஸ் கட் கயா' என்றான் கூட வந்த இக்ரார்.
சயான் ஆஸ்பத்திரியின் ராத்திரி டாக்டர்
இரண்டு பாஷையையும் ஒரே தலையசைப்பில் தள்ளிவிட்டு
'நரம்பில்லை, டெண்டன்' என்றார்.
எங்கள் பேச்சில் நரம்புதான் எல்லாம்.
இழுப்பது, பிசகுவது, புடைப்பது, தளர்வது,
யாழில் கட்டியிருப்பதும் அதுதான்.

எண்ணெய் டின்னை வெட்டி விரிக்கும் வேலை.
தகரத்துக்குக் கோபமெல்லாம் கிடையாது,
விளிம்பு உண்டு.
மோதிர விரலின் அடியில் ஒரு கோடு, அவ்வளவுதான்.
ரத்தம்கூட அதிகமில்லை.
மடக்கச் சொன்னார்கள்.
மற்றதெல்லாம் மடங்க, அது மட்டும்
காது கேளாததுபோல் நீட்டிக்கொண்டு நின்றது.

முப்பிடாதி என்று சொன்னேன்.
சீட்டில் முக்தாபாய் என்று விழுந்துவிட்டது.
திருத்தப்போனால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.
முக்தாபாயாகவே மயக்க ஊசி போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்தோறும் தாவ்டே மேடம்.
நீலப் பேனாவால் என் கையிலேயே எல்லை போட்டார்.
நுனி, ஸோன் ஒன்று.
அங்கிருந்து உள்ளங்கை மடிப்புவரை இரண்டு.
'இந்த இரண்டுக்கு அந்தக் காலத்து டாக்டர்கள் வைத்த பெயர்
யாருக்கும் சொந்தமில்லாத நிலம்.
உள்ளே போய்த் தைத்தவர்கள் தோற்றுத்தான் திரும்பினார்கள்.'
ஏன் மேடம்?
'இடமில்லை.'

இடமில்லாததைத் தாராவிக்காரிக்குச் சொல்லவேண்டுமா.
ஒரே உறைக்குள் இரண்டு போகிறதாம்.
மேலே போவது பாதிவழியில் இரண்டாகப் பிளந்து ஒதுங்க,
அந்த நடுவில் புகுந்து
ஆழத்தில் வந்தது விரல் நுனிக்குப் போகிறது.
கேஸ் சிலிண்டர் வரும்போது எங்கள் சந்தில்
சுவரோடு சுவராக நிற்போமே, அதுபோல.
எனக்கு இரண்டுமே அறுந்திருந்தது.

மகள் தன் பாடப்புத்தகத்தில் தேடினாள்.
தசைநாண் என்று போட்டிருக்கும்மா.
நாண் வில்லுக்கு உண்டு.
நாண் என்றால் வெட்கமும்தான்.
கழுத்தில் கட்டுவதும் நாண்.
அது அறுந்த வருஷம் தைக்க ஆள் வரவில்லை.
இதை அவளிடம் சொல்லவில்லை.

புறங்கைப் பக்கம் மாவுக்கட்டு.
நகத்தில் ஒரு கொக்கி, கொக்கியில் ரப்பர் பேண்ட்,
மறுமுனை மணிக்கட்டில் ஊக்கோடு.
நீயாக மடக்காதே, ரப்பர் மடக்கும்.
நீ நீட்டினால் போதும்.
மணிக்குப் பத்து முறை.
சும்மா வைத்திருந்தால் உறையோடு ஒட்டிக்கொள்ளும்,
அவசரப்பட்டால் அறுந்துவிடும்.
பத்தாம் நாள் வாக்கில் நூல்தான் கெட்டி, நாண் வெறும் கூழ்,
அன்றைக்குக் குடம் தூக்கிவிடாதே.

குடத்தை யார் தூக்குவது என்று மேடம் கேட்கவில்லை.
இக்ராரின் பெண்டாட்டி தூக்கினாள்.

எத்தனை நாள்?
ஆறு வாரம்.
ஒரு மண்டலத்துக்கு ஆறு நாள் குறைச்சல்.

நாலாவது வாரம் சர்வேக்காரர்கள் வந்தார்கள்.
கதவில் சிவப்புப் பெயிண்டில் ஒரு நம்பர்.
டேப்பின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி
கட்டைப் பார்த்ததும் தானே பிடித்துக்கொண்டான் பையன்.
'கௌன்சா ஸோன்?' என்று கூட வந்தவனிடம்தான் கேட்டான்.
'தோ' என்று நான் சொல்லிவிட்டேன்.
எழுதியும் கொண்டான்.

கட்டுப் பிரித்துப் பல வாரம் பொறுத்து
மேடம் ஸ்கேலை வைத்து அளந்தார்.
நகத்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர்.
'மோசமில்லை' என்று எழுதினார்
முக்தாபாயின் பெயருக்கு நேராக.

இப்போதும் டின்தான் வெட்டுகிறேன், கையுறையோடு.
பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால்
மற்ற விரல்கள் சுற்றிக்கொள்ளும்.
மோதிர விரல் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது.
சிலிண்டர் போய் நேரமாச்சு.
வழிவிட்டவள்
இன்னும் சுவரைவிட்டு வரவில்லை.