இருபத்தாறு திருகாணிகள்

நளாயினி ரீச்சர் வீட்டு மெசின்
சுழலும்போது போடுகிற சத்தம்
பரந்தன் சந்தியில் கியர் மாத்துகிற லொறி மாதிரி.
முரசுமோட்டை முழுக்கக் கேட்குதாம்.
"நாலு வருசமும் ஆகேல்லை" என்கிறா,
என்னவோ நான் செய்து வித்த சாமான் போல.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்,
பிறகு வேலையைப் பார்க்கலாம்.
முன்கதவு மெசினை நான் வெறுப்பவன் அல்ல.
ஆவணியில் கிணறு அடிமண் காட்டும்போது
நாலு வாளித் தண்ணியில்
ஏழு கிலோ உடுப்பை முடிக்கும்.
பழைய இரட்டைத் தொட்டி சாகாவரம் பெற்றது
என்று சொல்லித் திரிகிற ஆட்கள்
அது தின்ற சேட்டுப் பொத்தான்களை
எண்ணிப் பார்த்ததில்லை.

குறை வேறெங்கோ.
கண்ணாடிக் கதவு, முடிந்ததும் பாட்டுப் பாடும் பலகை,
பதினாறு விதத் தோய்ப்பு.
அதில் ஒன்று கம்பளிக்கு.
வன்னியில், கம்பளிக்கு!
மோட்டருக்குப் பத்து வருட உத்தரவாதம்.
மோட்டர் சாவதே இல்லை,
அதனால்தான்.

எவர்சில்வர் உருளையை முதுகுப் பக்கம்
தாங்கி நிற்பது அலுமினியத்தில் ஒரு மூன்று கை.
சவர்க்காரத் தூளும் எங்கட சுண்ணாம்புத் தண்ணியும்
கறையான் வளையைத் தின்கிறமாதிரி
அதைத் தின்னும்; வெளியே ஒன்றும் தெரியாது.
அதற்கும் முதல் போவது ஒரு ரப்பர் வளையம்.
அது கசிந்தால் பெயாரிங்குக்குத் தண்ணி.
பெயாரிங் 6205.
வயலுக்கு இறைக்கிற மோட்டருக்கும் அதைத்தான் போடுகிறேன்,
கிளிநொச்சியில் நாலு கடையில் கிடைக்கும்.

ஆனால் எட்டமுடியாது.
தொட்டியின் இரண்டு பாதியையும்
உருக்கி ஒட்டிவிட்டார்கள்.
"தொட்டி முழுசாகத்தான் வரும்" என்கிறான்
கொம்பனிக்காரன், போனில்.
விலையைக் கேட்டு ரீச்சர் கதிரையில் இருந்தா.
இந்த ஒட்டை வரைந்தவனை நான் சந்திக்கவேண்டும்.
கோபமில்லை. ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து
ஒன்றே ஒன்று கேட்பேன்:
உன் வீட்டில் என்ன மெசின்?

அவவின் மனுசன் தவசீலன் அண்ணை
வாசலில் நின்று சொன்னார்:
"கிணத்தடிக் கல்லு இருக்குத்தானே.
அது பழுதாகிறேல்லை."
ரீச்சர் அவரைப் பார்க்கவில்லை.
என்னிடம்தான் சொன்னா:
"ஒருக்காத் தோய்க்க அறுபத்தெட்டு நிமிசம், தம்பி.
அதுக்குள்ள ஒன்பதாம் ஆண்டின்ர கணிதத் தாள்
பதினெட்டுத் திருத்துவன்."
வெட்டட்டோ என்றேன்.
வெட்டு என்றா.

முதலில் ஒட்டின் விளிம்பைச் சுற்றி
இருபத்தாறு துளை போட்டுக்கொண்டேன்,
திரும்பச் சேர்க்கும்போது வழி தவறாமலிருக்க.
வாளில் மூன்று அலகு உடைந்தது.
உள்ளே சாம்பல் நிறக் களி,
ஒரு பாடசாலைச் சின்னம்,
ஐந்து ரூபாய்க் குற்றி ஏழு,
தவசீலன் அண்ணை மூன்று மாதமாய்
ஊரெல்லாம் குற்றம் சொல்லித் தேடிய
உழவு இயந்திரத் திறப்பு.
வாங்கிப் பொக்கற்றில் போட்டார்.
பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று கையில் ஒன்று பாதி போயிருந்தது.
சுரண்டித் துடைத்துப் பசை பூசினேன்.
இரண்டு வருடம் தாங்கும்,
அதற்கு மேல் பொய் சொல்லமாட்டேன்.
பெயாரிங், வளையம், சிலிக்கன்,
இருபத்தாறு திருகாணி.

இரவு எட்டரைக்குச் சுழலவிட்டோம்.
ஆயிரத்து இருநூறு சுற்று.
மேலே வைத்த கோப்பை அசையவில்லை.
ஏழாவது திருகாணியடியில் மட்டும்
ஒரு துளி திரண்டது, விழுந்தது.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
வெறும் யோகட் கோப்பை ஒன்றைக் கீழே வைத்து
"இருக்கட்டும்" என்றா ரீச்சர்,
சிவப்புப் பேனையைத் தேடிக்கொண்டு.

எனக்கு அந்தத் துளி பிடிக்கவில்லை.
ஆனால் அடுத்தமுறை வாள் வேண்டாம்.
ஒரு ஸ்குறூட்றைவர் போதும்.