பத்துக்குக் கீழே

விண்ணப்பம் நாற்பத்தொரு பக்கம்.
பதினோராம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.
"சென்ற ஆண்டு உங்கள் கவுண்டியில்
போதை மிகையால் இறந்த இளையோர் எத்தனை பேர்?
மாநில அட்டவணையில் உள்ளபடி மட்டும் நிரப்புக."

அட்டவணையைத் திறந்தேன்.
கென்டக்கியின் கவுண்டிகள் எல்லாம்
காலை வணக்கத்துக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றன.
எங்கள் பெயருக்கு நேரே
ஒரு நட்சத்திரக் குறி.
கீழே எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு:
பத்துக்குக் குறைவான எண்ணிக்கை
தனியுரிமை கருதி வெளியிடப்படுவதில்லை.

தனியுரிமையாம்.
ஒரே ஒரு சிக்னல் உள்ள ஊர் இது,
அதுவும் மஞ்சளிலேயே கண்சிமிட்டும்.
ஆம்புலன்ஸ் யார் வாசலில் நின்றதென்று
அது ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்
எரிவாயு நிலையத்துக் கல்லாவில் இருப்பவளுக்குத் தெரியும்.
ஒன்பது பேர்.
ஒன்பதையும் வீட்டு எண்ணோடு சொல்வேன்.

தலைநகருக்கு போன் செய்தேன்.
எடுத்தவன் சின்னப் பையன், குரலில் தூக்கம்,
பிரென்லி என்றான்.
"ஒன்பதா மேடம்? அதை நான் ஏற்க முடியாது.
இன்னும் ஒன்று இருந்தால் அட்டவணையே காட்டிவிடும்."
சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும்
கம்பி மட்டும் இரைந்தது.

சரி, மற்ற பக்கங்களைப் பார்க்கலாம் என்று புரட்டினேன்.
உணவுக்கு நிதி கிடையாது.
பீட்சா இல்லாவிட்டால் வியாழக்கிழமை
ஒரு பயலும் வரமாட்டான் என்று எழுத
அதில் கட்டம் இல்லை.
எங்கள் பங்காக நாங்கள் தருவதைப்
பணமாக மதிப்பிட வேண்டும்.
மெதடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளம்: மணிக்கு இருபது டாலர்.
மடக்கு நாற்காலி நாற்பது, மூன்றுக்குக் கால் சரியில்லை.
பயிற்சியாளர் டெல்பர்ட் ராட்லிஃபின் ஊதியமில்லா மாலைகள்.
அவருடைய நேரக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன்.
அக்டோபரில் ஒரு சனிக்கிழமைக்கு நேரே
பென்சிலால்: "பெட்டி தூக்கினேன். மூன்று மணி."
இது தகுதியான செலவுதானா, தெரியவில்லை.
கூட்டலில் சேர்த்துவிட்டேன்.

போன முறை கிடைத்த நிதியில்
போதைக் கண்ணாடி பன்னிரண்டு வாங்கினோம்.
மாட்டிக்கொண்டால் தரை சாயும், கோடு இரண்டாகும்.
பிள்ளைகள் அதோடு ஓட்டப் பந்தயம் வைத்து
சுவரில் முட்டிச் சிரித்தார்கள்.
"பயனுள்ளது" என்று தொண்ணூற்றாறு விழுக்காடு.
அந்த எண்ணுக்கு மட்டும் யாரும் தடை சொல்லவில்லை.

ட்ரெஸ்ஸா என்று ஒருத்தி, பதினைந்து வயது,
கண்ணாடியைத் தொடவே இல்லை.
எல்லாரும் போன பின் வந்து கேட்டாள்:
"அண்ணன் உதடு நீலமானால்
முதலில் போனா, முதுகைத் திருப்பிப் போடுவதா?"
பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை.
மூக்கில் அடிக்கும் மருந்து தடுப்புக் கல்வி ஆகாது,
முப்பதாம் பக்கம் தெளிவாகச் சொல்கிறது.
என் கைப்பையில் இருந்த ஒன்றைக் கொடுத்தேன்.
இதையும் எந்தத் தலைப்பில் எழுத?

இரவு பதினொன்றே முக்கால்.
வீட்டில் இணையம் இழுக்காது. மூடிய நூலகத்தின் வெளியே
காரில் உட்கார்ந்து அதன் வைஃபையில் ஏற்றுகிறேன்.
பன்னிரண்டுக்குத் தளம் கதவடைக்கும்.
பதினோராம் பக்கம் இன்னும் காலி.
நட்சத்திரம் போட்டேன்: எண் மட்டும், என்றது.
ஒன்பது போட்டேன்: அட்டவணையோடு பொருந்தவில்லை, சிவப்பு.
சும்மா பார்ப்போமே என்று
பூஜ்யம் போட்டேன்.

உடனே பச்சை.
டக்கென்று ஒரு டிக்.
எவ்வளவு எளிதாக வாங்கிக்கொண்டது.

அழித்தேன்.
திரும்பவும் ஒன்பது. திரும்பவும் சிவப்பு.
பதினொன்று ஐம்பத்தேழு.
"பிழையுடன் சமர்ப்பிக்கவா?" என்று கேட்டது.

ஆம்.