கடன் வாங்கிக் கழித்தல்

கல்லாங் பாருவில் ஆறாவது மாடி.
பத்தேகாலுக்குத் தொடங்கிய மழை
எதிர்ப்புளோக்கை அழித்துவிட்டது.
என் திரையில் ஒரு வறண்ட ஊர்.
ஆண்டுக்கு எழுபது மில்லிமீட்டர்.
இங்கே அது
மதியச் சாப்பாட்டுக்குள் பெய்துவிடும்.

ஊரின் பெயரைக் கோப்பில்
மூன்று விதமாக எழுதியிருக்கிறோம்.
மூன்றும் தவறு என்று
நகராட்சியிலிருந்து கடிதம்,
மிகுந்த மரியாதையோடு,
நான்காவது எழுத்துக்கூட்டலில்.

மக்கள் முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
தலைக்கு நூற்றுப்பத்து லிட்டர்.
ஐந்தில் நான்கு பங்கு சாக்கடைக்குத் திரும்பும்
என்பது எங்கள் நம்பிக்கை.
வரவேண்டியது மூவாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்பது கனமீட்டர்.
கடைசிக் குழாய்வாயில் அளந்தால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.

எட்டாம் வகுப்புவரை தமிழில் கணக்குப் போட்டவள் நான்.
இன்னும் மனத்துக்குள்
பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கித்தான் கழிக்கிறேன்.
கழித்தபின் நிற்பது மீதி.
கழிந்து போனது கழிவு.
இங்கே இரண்டும் இல்லை;
நாள்தோறும் ஆயிரத்து நானூற்றுப் பத்தொன்பது
வழியிலேயே இறங்கிக்கொள்கிறது.
அதற்கென்று ஒரு கட்டம்
ஏற்கெனவே தயாராக இருக்கிறது:
இழப்பு.

ஷாஹ்ரில் அங்கே போய் ஒன்பது நாள்.
படமாக அனுப்பித் தள்ளுகிறான்.
சாக்கடை மூடியை நெம்பி
டீசல் பம்பின் வாயை உள்ளே விட்டு
ஒருவர் குதிரைமசால் வளர்க்கிறார்.
கண் கூசும் பச்சை.
சுற்றிலும் ஆடுகள்.
படத்தில் நாற்றம் வராது.

இன்னொரு வீட்டில்
குளியலறைச் சுவரைத் துளைத்த குழாயின் முனையில்
ஒரு மாதுளை.
எத்தனை லிட்டர் என்று கேட்டிருக்கிறான்.
இரண்டு வாளி, என்றாளாம் அந்தம்மா.
மகன் விடுப்பில் வந்தால் நான்கு.
பட்டாளத்திலிருந்து வருகிறவன்,
நெடுநேரம் குளிப்பான்.

போன் கியட்டிடம் போய்
இழப்பு என்று போட முடியாது என்றேன்.
'அப்படியானால் திருட்டு என்று போடு.'
சிரித்தார். பிறகு சிரிக்காமல்,
'குடற்புழு?'
லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் ஆகாது.
தெரியும்.
ஆட்டுக்காரரின் பிள்ளைகள்
வெறுங்காலோடு அந்தப் பச்சைக்குள் நிற்கும் படத்தை
அதுவரை அவருக்குக் காட்டவில்லை.
காட்டினேன்.

குளம் வெட்டினால் செலவு குறைவு,
வெயில் தினம் ஒன்பது மில்லிமீட்டர் குடிக்கும்.
மூடிய தொட்டி என்றால்
ஒரு பெல்ட் அறுந்தாலும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.
நம்முடையது
நம் காலடியில் ஐம்பது மீட்டர் ஆழத்தில்
சாங்கிக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது,
புதுநீராகி எங்கேயோ சில்லுத் தொழிற்சாலையில் கைகழுவுகிறது.
இங்கே யாரும் மூடியை நெம்புவதில்லை.
நெம்பினாலும் என்ன நடுவது,
மழையே நட்டுவிட்டுப் போகிற ஊரில்?

மூன்று மணிக்கு மழை விட்டது.
கல்லாங் ஆறு தேநீர் நிறத்தில்
எல்லாவற்றையும் கடலுக்குக் கொண்டுபோயிற்று.
ஆலையைச் சுருக்கினேன்.
சுத்தமானதைத் திருப்பி அனுப்ப
ஆட்டுக்காரரின் வேலிவரை
ஒரு நீலக்கோடு இழுத்தேன்.
அந்தக் கோட்டுக்கு யார் பணம் தருவார்கள் என்று
கேட்பார்கள்.
என்னிடம் பதில் இல்லை.

இழப்பு என்ற சொல்லை அழித்தாயிற்று.
கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

உச்சப் பெருக்கு: சராசரியைப்போல் 2.2 மடங்கு.
கீழே சிறிய எழுத்தில் சேர்த்தேன்:
மகன்கள் விடுப்பில் வருவது உட்பட.

நாளைக் காலை போன் கியட்
அதை வெட்டிவிடுவார்.
வெட்டட்டும்.
எண்ணில் ஏற்கெனவே ஏற்றிவிட்டேன்.